நான்கு கப்பல்கள், ஐந்து வரைபடங்கள்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் வரைவேலை போர்க்கப்பல்களை வரைவது. அதற்கு முன் நான் ஒரு தோணியைக்கூட வரைந்ததில்லை. கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தபோது நான் வரைந்ததெல்லாம் மதகு, வாய்க்கால், குளக்கட்டு. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த வேலைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. சில மாதம் மன்னாரில் பெற்றோருடன் இருந்துவிட்டு, எனக்கு முன்பே கனடா வந்திருந்த கணவரிடம் வந்து சேர்ந்தேன்.

நகரத்தின் பார்க்டேல் பகுதியில் ஒரு உயரமான கட்டடத்தில், ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். கணவர் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். நான் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றினேன். படவரைஞர் வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கணவர் வீட்டில் இருந்து சண்டை பிடிப்பார். நான் அடுத்த விண்ணப்பத்தை எழுதுவேன்.

எங்கள் பக்கத்து நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் சிறிய அட்டை ஒன்றைக் கண்டேன். பழைய கப்பல் வரைபடங்களைப் புத்தகத்துக்காக மையால் திருப்பி வரைய ஆள் தேவை என்று தட்டச்சில் அடித்திருந்தது. அந்த முகவரி எங்கள் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரம். அந்தப் பக்கத்தில் நிறைய இருந்த, செங்கல்லால் கட்டிய பழைய பெரிய வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவர் எண்பது வயதுக் கிழவர். அவருக்குப் பின்னால் அவரைவிடச் சில வயது மூத்த அக்கா நின்றார். இருவரும் கலியாணம் செய்யவில்லை. அவர் நகரத் தண்ணீர் விநியோகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. நான் ஊர்ப் பழக்கத்தில் முதல் நாளே அவரைச் சேர் என்றும் அக்காவை மிஸ் என்றும் கூப்பிட்டேன். அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

அவர்கள் பிறந்தது இங்கிலாந்தில், கடற்படைத் துறைமுகம் உள்ள ஊரில். முதலாம் உலகப் போர் முடிந்ததும் தாய் இருவரையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறார். சேர் வேலையில் இருந்த காலம் முழுவதும் பின்னேரங்களில் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய ஒரு வகைக் கவசக் குரூசர்கள், அதாவது கவசம் போட்ட வேகமான போர்க்கப்பல்கள் அவை. ஒரே அச்சில் நான்கு கப்பல்கள். அவற்றின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி முடித்திருந்தார். வரைபடங்கள்தான் குறை. அவரிடம் இருந்தவை கப்பல்கட்டும் தளத்து வரைபடங்களின் மங்கிய பிரதிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவுத் திட்டத்துக்குக் கொண்டுவந்து நான்கு தாள்களில் நான் வரைய வேண்டும்: பக்கத் தோற்றம், மேல்தட்டு, கீழ்த்தட்டு, நடுவில் வெட்டினால் தெரியும் குறுக்குவெட்டு.

ஹோட்டல் வேலை முடிந்து வாரத்தில் மூன்று பின்னேரம் போனேன். அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் வரைபலகை வைத்துத் தந்தார்கள். நான் கோடு போட, சேர் பக்கத்திலிருந்து கதை சொல்வார். பிரெஞ்சுக்காரர் வணிகக் கப்பல்களைப் பிடிப்பதற்கென்று வேகமான குரூசர்களைக் கட்டத் தொடங்கினார்களாம். அவற்றைத் துரத்திப் பிடிக்கவே இந்த நான்கையும் இங்கிலாந்து கட்டியது. நீளமான உடல், நான்கு புகைபோக்கிகள், வயிற்றுக்குள் வரிசை வரிசையாகக் கொதிகலன்கள். பக்கத்துக் கவசத்துக்கு உட்புறம் நிலக்கரி அறைகள். வரும் குண்டு கவசத்தைத் துளைத்தாலும் கரிக்குள் புதைந்து நிற்கட்டும் என்ற எண்ணம். முன்னுக்கு ஒரு பெரிய பீரங்கி, பின்னுக்கு ஒன்று. சிறிய பீரங்கிகள் இரண்டு பக்கங்களிலும் இரும்புக் கூடுகளுக்குள், ஒன்றின்மேல் ஒன்றாக மாடிவீட்டு யன்னல் போல.

கடலில் இறங்கியபோது அந்த அளவுக் கப்பல்களில் அவற்றுக்கு ஈடான வேகம் வேறு எதற்கும் இல்லை என்று சேர் சொல்வார். சொல்லும்போது அவர் முகம் மாறும். அடுத்த சில வருடங்களிலேயே இன்னும் பெரிய, இன்னும் வேகமான புதுவகைக் கப்பல்கள் வந்துவிட்டன என்பதை மட்டும் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுவார். பிறகு இந்த நான்கும் கொடியைக் காட்டிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போயின. ஒன்று தென்னாபிரிக்காவுக்கு ஒரு மந்திரியை ஏற்றிச் சென்றது. போர் தொடங்கியபோது அவை பழைய கப்பல்கள். அவசரமாகத் திரட்டிய ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டி வந்தது.

குரூசர் வரைகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர், “எம்டன் மாதிரியோ?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கெட்டிக்காரக் கள்ளனை எம்டன் என்பார்கள். மதராசில் குண்டு போட்ட ஜேர்மன் கப்பலின் பெயர் அது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் சேரிடம் அதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுபது வருடம் கழித்தும் ஒரு கப்பலின் பெயரால் மனிதரை ஏசுகிறார்களா என்று இரண்டு தரம் கேட்டார். எம்டன் சிறியது, இவைபோலக் கனத்த கவசம் பூண்டதல்ல, ஆனால் இந்தக் கதையோடு தொடர்புடைய ஜேர்மன் கப்பல் கூட்டத்திலிருந்துதான் பிரிந்து வந்தது என்றார். என்ன தொடர்பு என்று நான் கேட்பதற்குள் மிஸ் தேநீர் கொண்டுவந்தார். பேச்சு அங்கேயே நின்றது.

குறுக்குவெட்டு வரைந்த நாளில்தான் பிரச்சினை தொடங்கியது. எங்கள் திணைக்களத்தில் எந்த மதகை வரைந்தாலும் இரண்டு நீர்மட்டக் கோடுகள் போட வேண்டும். ஒன்று வழக்கமான மட்டம், மற்றது வெள்ளம் வந்தால் ஏறும் மட்டம். கை பழகிய விஷயம். கப்பலின் பக்கத்தில் முதல் கோட்டைப் போட்டுவிட்டு, வெள்ள மட்டம் எங்கே போடுவது என்று சேரிடம் கேட்டேன். கடலுக்கு வெள்ளம் இல்லை என்று சிரித்தார். கடல் கொந்தளித்தால் ஏறும்தானே, கீழ்வரிசைப் பீரங்கிகள் தண்ணீருக்கு இவ்வளவு கிட்ட இருக்கின்றனவே, அப்போது அவற்றின் வாசல்களைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டேன்.

சேர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து மாடிக்குப் போனார். மேலே கதவு மூடும் சத்தம் கேட்டது.

மிஸ் அவர் விட்டுப்போன கதிரையில் வந்து உட்கார்ந்தார். “திறக்க முடியாது. திறந்தால் கடல் உள்ளே வரும். இதை அவன் என்னைவிட நன்றாக அறிவான்” என்றார்.

பிறகு மீதியைச் சொன்னார். அவர்களுக்கு ஒரு தமையன் இருந்தார். நான்கு கப்பல்களில் ஒன்றில் வேலை. போர் தொடங்கிய வருடத்துக் கார்த்திகையில், தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடல் கொந்தளித்த ஒரு மாலையில், அந்தக் கப்பல், எம்டன் பிரிந்து வந்த அதே ஜேர்மன் கப்பல் கூட்டத்தை எதிர்கொண்டது. சூரியன் மறைந்த வெளிச்சத்தில் பிரித்தானியக் கப்பல்கள் நிழலுருவாகத் தெரிந்தன. எதிரிக் கப்பல்களோ இருளுக்குள் நின்றன. கீழ்வரிசைப் பீரங்கிகள் பயன்படவில்லை. கப்பல் வெடித்து மூழ்கியது. ஏறக்குறைய தொள்ளாயிரம் பேரில் ஒருவரும் தப்பவில்லை. அப்போது மிஸ்ஸுக்குப் பன்னிரண்டு வயது, சேருக்கு ஒன்பது.

அக்காவுக்கும் தம்பிக்கும் இடையிலான வழக்கு அன்று தொடங்கியதல்ல. கப்பலில் பிழை இல்லை, பழக்கமில்லாத ஆட்களைக் கொடுத்து, வெல்ல முடியாத எதிரியின்மேல் போகவிட்டவர்களில்தான் பிழை என்பது சேரின் கட்சி. கப்பலை வடிவமைத்த மேசையிலேயே பிழை தொடங்கிவிட்டது என்பது மிஸ்ஸின் கட்சி. ஒரே வீட்டில் வாழ வேண்டுமே என்று பல வருடங்களாக இருவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தார்கள். நான் போய் வெள்ள மட்டம் கேட்டு அதைத் திறந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மிஸ் ஐந்தாவது தாள் ஒன்று வேண்டும் என்றார். அந்த இழப்புக்குப் பிறகு, தப்பியிருந்த கப்பல்களில் கீழ்வரிசைப் பீரங்கிகளைக் கழற்றினார்கள். சிலவற்றை மேல்தட்டுக்கு ஏற்றி, கீழ்வாசல்களை இரும்புத் தகட்டால் மூடினார்கள். அந்த மாற்றத்தை வரைய வேண்டும், தமையனின் கப்பல் மூழ்கும் அத்தியாயத்தில் அதை வைக்க வேண்டும். சேர் மாட்டேன் என்றார். அந்தக் கப்பல் மாற்றப்படவே இல்லை, அதன் அத்தியாயத்தில் அந்தப் படத்துக்கு இடமில்லை, தன் வீட்டில் அதை வரைய விடப்போவதும் இல்லை என்றார். அதோடு இருவரும் நேரே பேசுவதை நிறுத்தினார்கள். சேர் மாடியில், மிஸ் கீழே. நான் போகும் நாட்களில் சாப்பாடு ஆயத்தம் என்பதை மேலே சொல்வதும், பத்திரிகை எங்கே என்பதைக் கீழே கேட்பதும் என் வேலையானது. யார் சொல்வது சரி என்று மிஸ் என்னிடம் ஒரு நாள் கேட்டார். நான் கோடு போடத்தான் வந்தேன் மிஸ் என்றேன். அவர் அதை மரியாதையான பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வரைந்துகொண்டிருந்தபோது கணவர் கடையிலிருந்து வந்தார். மீன் பையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

“உதென்ன, பீரங்கியோ?”

ஓம் என்றேன்.

“உதைச் சுருட்டி வையும். சாப்பிடுற மேசையில உது வேண்டாம்.”

கப்பல் வரைகிறேன் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனால் கண்ணால் கண்டது அன்றுதான். முந்தின வருடம் மன்னார்க் கடலில் அவருடைய தம்பியின் படகை நோக்கி ஒரு கடற்படை ரோந்துப் படகிலிருந்து சுட்டார்கள். தம்பி கடலில் குதித்து நீந்தி உயிர் தப்பினார். அவரோடு மீன்பிடித் தொழிலுக்குப் போன ஒருவர் கரை சேரவில்லை. தம்பி அப்போது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்தார். கணவர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தொலைபேசி அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

நான் தாளைச் சுருட்டினேன். மீனை வெட்டிக்கொண்டே, அந்த வீட்டு அக்கா தம்பியின் கதையை அவருக்குச் சொன்னேன். தமையனைப் பற்றியும் சொன்னேன். அவர் யன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தினை பேர் இருந்தவை?” என்றார்.

“தொள்ளாயிரம் பேர் மட்டில.”

“ஒருத்தரும் வரேல்லையோ?”

“இல்லை.”

“பிரேதமும் இல்லையோ?”

“ஒண்டும் கரைக்கு வரேல்லையாம்.”

அவர் யன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு, “அந்த மனுசிக்கு வேணுமெண்டால் வரைஞ்சு குடும். முடிஞ்ச உடன கொண்டுபோயிடும்” என்றார். அன்றைய சோற்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் இருந்து சாப்பிட்டார். தாள் முடியும்வரை அப்படித்தான் சாப்பிட்டார். அவர் கோபமாக இருக்கவில்லை. ஆனால் மேசைக்கு வரவும் இல்லை.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஐந்தாவது தாளைக் கொண்டுபோனேன். வழி முழுக்கச் சேறும் தண்ணீருமாக இருந்ததால் கணவர் தாளைச் சுருட்டிப் போட்ட அட்டைக் குழாயைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கூட வந்தார். மிஸ் அவரை உள்ளே இருக்கச் சொன்னார். நான் தாளை விரித்து நான்கு மூலைகளிலும் புத்தகங்களை வைத்தேன். படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. சேர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இறங்கி வந்தார். அக்காவைப் பார்க்காமல் நேரே மேசைக்கு வந்தார். மூடிய வாசல்கள் ஒவ்வொன்றையும் பார்த்தார். மேலே ஏற்றிய பீரங்கிகளைப் பார்த்தார். வேலை சுத்தம் என்று என்னிடம் சொன்னார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“கப்பலிலேயே பிழை என்றால், அவன் ஏறிய அன்றைக்கே செத்துவிட்டான் என்று ஆகிறது” என்றார். “அந்தக் கீழ்த்தட்டில், தன் பீரங்கிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அது சுடாது என்று தெரிந்து அவன் நின்றான் என்று நான் எழுத வேண்டுமா?”

அவர் என்னிடம்தான் சொன்னார். பதில் மிஸ்ஸிடமிருந்து வந்தது.

“அவன் பீரங்கிக்குப் பின்னால் நிற்கவில்லை. அவன் ரொட்டி சுடுகிறவன்.”

சேர் திரும்பி அக்காவைப் பார்த்தார். மாதக்கணக்குக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மிஸ் தொடர்ந்து சொன்னார். தமையன் கப்பலின் ரொட்டி அறையில் உதவியாள். கடைசியாக லீவில் வந்தபோது வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டார். இந்த அடுப்பில் ஒரு பக்கம்தான் வேகிறது, எங்கள் கப்பல் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று தாயைக் கேலி செய்தார். மிஸ்தான் மா சலித்துக் கொடுத்தது. சேர் அன்று வீதியில் விளையாடிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்றார் சேர்.

“உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் உன் சிநேகிதர்களுக்கு அவனைப் பீரங்கிக்காரன் என்று சொன்னாய். சின்னப் பிள்ளைதானே என்று விட்டேன். பிறகு நீ ஒரு நாளும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. கப்பலைப் பற்றித்தான் கதைத்தாய்.”

அந்தச் சொல் சேருக்குப் பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த உருப்பெருக்கியை மேசையில் வைத்தார். என் கணவர் எழுந்து வெளியே போகலாமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். பிறகு சேர் தனக்குத்தானே, சண்டை நேரத்தில் அடுப்புகளை அணைத்துவிடுவார்கள், ரொட்டிக்காரரையும் சமையல்காரரையும் குண்டு எடுத்துக்கொடுக்கவும் காயக்காரரைத் தூக்கவும் கீழே அனுப்புவார்கள் என்று முணுமுணுத்தார். தெரியாத விஷயமில்லை அவருக்கு. அது தன் வீட்டு விஷயம் என்பதுதான் தெரியாது.

பழைய பிரதிகளை எடுத்துவரச் சொன்னார். நாங்கள் நால்வரும் மேல்தட்டுப் படத்தின்மேல் குனிந்தோம். அவர் உருப்பெருக்கியை நகர்த்திக்கொண்டே போய், புகைபோக்கிகளுக்கு நடுவில் ஒரு சிறிய சதுரத்தில் நிறுத்தினார். மங்கிய எழுத்தில் ரொட்டி அறை என்று இருந்தது. என்னுடைய மேல்தட்டுத் தாளில் அந்தச் சதுரம் வெறுமையாக இருந்தது. சின்ன அறைகளுக்குப் பெயர் எழுதத் தேவையில்லை என்று தொடக்கத்தில் அவரே சொல்லியிருந்தார்.

“இதற்குப் பெயர் எழுதுங்கள்” என்றார்.

அப்போதே மை எடுத்து எழுதினேன். மிஸ் பக்கத்தில் நின்று எழுத்துகள் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கணவரிடம் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். அவர் மூன்று என்று சொல்ல, மிஸ் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

அதோடு வழக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஐந்தாவது தாள் எங்கே வரவேண்டும் என்று அதற்குப் பிறகும் ஒரு மாதம் இழுபட்டார்கள். ஆனால் இப்போது ஒரே மேசையில் இருந்து இழுபட்டார்கள். என்னைத் தூதுக்கு அனுப்பவில்லை. கடைசியில் சேர் சொன்னபடி அது தப்பிய கப்பல்களின் அத்தியாயத்தில், காலவரிசைப்படி வந்தது. ஒன்று அயர்லாந்துக்கு வடக்கே டோர்ப்பிடோ பட்டு, ஒரு விரிகுடாவுக்குள் ஒதுங்கிக் கவிழ்ந்ததும், மற்ற இரண்டும் போருக்குப் பிறகு உடைக்கப்பட்டதும் அதே அத்தியாயத்தில்தான். படத்தின் கீழ் வரும் வரியை மிஸ் எழுதினார். கீழ்ப் பீரங்கிகள் அகற்றப்பட்டு வாசல்கள் மூடப்பட்டன என்பது மட்டும்தான் வரி. அதில் சேர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. முன்னுரையில் தமையனைப் பற்றி ஒரு பந்தி புதிதாகச் சேர்த்தார். அதில் பீரங்கி என்ற சொல் இல்லை.

புத்தகத்தை ஒரு சிறிய அச்சகத்தில் தாங்களே அச்சிட்டார்கள். பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்த கப்பல் பைத்தியங்கள் தபாலில் வாங்கினார்கள். உள்ளே ஒரு பக்கத்தில் வரைபடங்கள் இன்னார் என்று என் பெயர் இருந்தது. கணவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, எங்கள் கட்டடத்து ஊராக்களுக்கெல்லாம் காட்டினார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரத்தில், பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் வடிவமைக்கும் ஒரு நிறுவனம் படவரைஞர் தேடியபோது அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். என்னை நேர்முகம் கண்டவர் கனேடிய அனுபவம் பற்றிக் கேட்டார். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் கப்பலின் குறுக்குவெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கொதிகலன் அறைகளுக்குக் காற்று எந்த வழியால் போனது என்று கேட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்கள். பார்க்டேலிலிருந்து தினமும் போய்வர முடியாமல், இரண்டு வருடத்துக்குள் வேலைக்குக் கிட்ட, மில்லிக்கன் என்ற பகுதியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதிக்கு மாறினோம். கார் ஓட்டப் பழகினேன்.

சேர் எண்பதுகள் முடிய முன் ஒரு பனிக்காலத்தில் இறந்துபோனார். கணவரும் நானும் அடக்கத்துக்குப் போனோம். வந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இராது. அவரைச் சரியாக அறியாத ஒரு இளம் பாதிரியார், யாரோ கொடுத்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினார் போலிருக்கிறது. இளமையைக் கடலில் கழித்தவர், போர்க்கப்பல்களில் நாட்டுக்குச் சேவை செய்தவர் என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் சேர் கப்பலில் ஏறினார். அது ஒரு பயணிகள் கப்பல். கனடா வந்து சேரும்வரை வாந்தி எடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், பாதிரியாரிடம் ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன்.

“நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தியவள் நான்” என்றார் மிஸ். “இதை விட்டுவிடலாம். அவனுக்குப் பிடித்திருக்கும்.”

கணவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மிஸ்ஸை முன் இருக்கையில் ஏற்றி, வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.